மக்கள்தொகை, வேலைவாய்ப்பு வளர்ச்சிக் கணிப்புகளைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரே பத்தாண்டைப் பற்றிய இரண்டு கணிப்புகளோடு தொடங்குகிறேன்.

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6.24 கோடி. அதை வைத்து மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2006-ல் ஒரு கணிப்பு வெளியிட்டது. 2011-ல் தமிழ்நாட்டில் சுமார் 6.74 கோடிப் பேர் இருப்பார்கள் என்றது. எண்ணிப் பார்த்தபோது 7.21 கோடி.

அடுத்தது சென்னை. 2008-ல் ஒப்புதல் பெற்ற சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), அன்றைய மாநகராட்சி எல்லைக்குள் 2001-ல் 43.44 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011-ல் 49.50 லட்சமாகும் என்று போட்டிருந்தது. எண்ணியபோது 46.47 லட்சம்.

இரண்டிலும் பிழை ஏறக்குறைய ஆறரை சதவீதம். பெரிய தவறு இல்லையே என்றுதான் முதலில் தோன்றும். இப்போது வளர்ச்சியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 50 லட்சம் பேர் கூடுவார்கள் என்று கணித்த இடத்தில் 97 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். சென்னை நகரில் 6.06 லட்சம் கூடும் என்று எதிர்பார்த்த இடத்தில் கூடியது 3.03 லட்சம்தான். ஒரு கணிப்பு நடந்ததில் பாதி, இன்னொன்று நடந்ததைப் போல் இரண்டு மடங்கு.

புதுக் குழாய், புதுப் பள்ளி, புதுச் சாலை எல்லாம் இனிமேல் கூடப்போகிறவர்களுக்காகத்தான் போடுகிறோம். அதனால் ஒரு கணிப்பின் பிழையை மொத்தத் தொகையோடு ஒப்பிடாமல் வளர்ச்சியோடு ஒப்பிட வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைவு முழுமைத் திட்டத்தையோ குடிநீர்த் திட்ட அறிக்கையையோ கையில் வைத்துக்கொண்டு, இதில் எதை நம்புவது என்று யோசிக்கிற கவுன்சிலர்கள், குடியிருப்போர் நலச்சங்கத்தினர், இளம் பொறியாளர்கள், மாணவர்கள், செய்தியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், சதவீதம் தெரிந்தால் போதும்.

படி 1: எண்ணைப் பார்க்குமுன் எல்லையைப் பாருங்கள்

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மக்கள்தொகை 46 லட்சத்திலிருந்து சுமார் 67 லட்சமானது. ஒரு ஆள்கூட இடம் மாறவில்லை, எல்லைக்கோடுதான் மாறியது.

திருப்பூரில் இது இன்னும் கடுமை. 2001-ல் 3.44 லட்சம். 2011 கணக்கெடுப்பின்போது இருந்த எல்லையில் 4.44 லட்சம். அதே ஆண்டு பக்கத்து நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்து விரித்த பிறகு அதே கணக்கெடுப்பின்படி சுமார் 8.77 லட்சம். 3.44-க்கும் 8.77-க்கும் நேராகக் கோடு இழுத்தால் பத்தாண்டில் 155 சதவீத வளர்ச்சி வரும். உண்மையில் பழைய எல்லைக்குள் வளர்ந்தது 29 சதவீதம். விரிந்த எல்லை, பழைய தொகை என்று கலந்துபோட்ட வரைபடத்தை ஒரு நகரத்தின் திட்ட அறிக்கையில் நானே பார்த்திருக்கிறேன். அதை வைத்து நீர்த்தேக்கத் தொட்டிகளின் கொள்ளளவே முடிவாகியிருந்தது.

மாவட்டங்களுக்கும் இது பொருந்தும். 2011-ன் காஞ்சிபுரம் மாவட்டம் 2019-ல் பிரிந்து செங்கல்பட்டு தனியானது. "நகர்ப்புற மக்கள்தொகை" என்ற சொல்லிலும் கவனம் தேவை. ஊராட்சியாகவே இருந்தாலும் 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தியோடு, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால், கணக்கெடுப்பு அந்த ஊரை நகரம் என்று எண்ணும். இவற்றைச் சென்சஸ் டவுன் என்பார்கள். தமிழ்நாட்டில் இவை 2001-ல் 111, 2011-ல் 376. நகர்ப்புற வளர்ச்சியில் ஒரு பகுதி இப்படிப் பெயர் மாற்றத்தால் வந்தது.

செய்ய வேண்டியது இதுதான். இன்றைய எல்லைக்குள் இருக்கும் வருவாய்க் கிராமங்கள், வார்டுகளின் பட்டியலை எழுதுங்கள். அவற்றின் 1991, 2001, 2011 எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ஒரு நாள் வேலை. இதைச் செய்யாத அறிக்கையில் மேற்கொண்டு படிக்க ஒன்றும் இல்லை.

படி 2: எண்ணியது எது, ஊகித்தது எது?

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்குக் குறித்த நாள் 2027 மார்ச் 1. அதனால் இன்று ஓர் அறிக்கையில் "2021 மக்கள்தொகை" என்று வந்தால் அது எண்ணியது அல்ல, 2011-ஐ வைத்து ஊகித்தது. தொழில்நுட்பக் குழு தமிழ்நாட்டுக்கு 2021-ல் 7.64 கோடி என்று சொன்னதும் கணிப்புதான். அறிக்கையின் அட்டவணையை எடுத்து, எண்ணிய எண்களுக்கு ஒரு நிறமும் ஊகித்த எண்களுக்கு வேறொரு நிறமும் பூசுங்கள். பல சமயம் ஊகத்தின் மேல் ஊகம் அடுக்கியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

எண்ணிய எண்ணுக்கும் ஒரு சூழல் உண்டு. நொய்யல் மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரி 28-ல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. வெளியூரிலிருந்து வந்து வேலை செய்கிற தொழிலாளர்கள் நிறைந்த ஊரில், வேலை நின்றுபோன வாரங்களில் எடுத்த கணக்கு அது. திருப்பூரின் 2011 எண்ணை வைத்து வளர்ச்சி விகிதம் போடுகிறவர் இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

2011-க்குப் பிறகு என்ன நடந்தது என்பதை வேறு தடயங்களில் தேடலாம். வீட்டு மின் இணைப்புகள், பள்ளிச் சேர்க்கை, குடும்ப அட்டைகள், வாக்காளர் பட்டியல், சொத்துவரி விதிப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு குறை உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் மின் இணைப்பு இருக்கும். வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவர் வாக்காளர் பட்டியலில் இருக்க மாட்டார். பிறப்புப் பதிவு பெரிய மருத்துவமனை இருக்கும் ஊரில் குவியும். தாயின் வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அதனால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மூன்று தடயங்கள் ஒரே திசையைக் காட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: பின்னோக்கிச் சோதியுங்கள்

ஒரு முறையை எதிர்காலத்துக்குப் பயன்படுத்துமுன், அது நடந்து முடிந்த காலத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னையின் பழைய எல்லையையே எடுப்போம். 1981-ல் 32.85 லட்சம், 1991-ல் 38.43, 2001-ல் 43.44. நாம் 2001-ல் நிற்பதாக வைத்துக்கொண்டு 2011-ஐக் கணிப்போம்.

கூட்டல் முறை: இரண்டு பத்தாண்டுகளில் கூடியது 5.58, 5.01 லட்சம். சராசரி சுமார் 5.3. ஆகவே 2011-ல் 48.7 லட்சம்.

பெருக்கல் முறை: வளர்ச்சி விகிதங்கள் 17, 13 சதவீதம். சராசரி 15. ஆகவே சுமார் 50 லட்சம்.

ஏற்ற இறக்கத்தையும் சேர்க்கும் முறை: பத்தாண்டில் கூடும் அளவு 0.57 லட்சம் குறைந்திருக்கிறது, அதைக் கூட்டல் முறையின் விடையிலிருந்து கழித்தால் 48.2 லட்சம்.

உண்மை 46.47. மூன்றுமே அதிகம். உண்மைக்கு மிக அருகே வந்த மூன்றாவது முறைகூட 4.7 லட்சம் கூடும் என்றது, கூடியது 3.03 லட்சம். குடிநீர்த் திட்ட அறிக்கைகளில் இன்றும் இந்த முறைகள்தான் வருகின்றன. பல அறிக்கைகள் நான்கைந்து முறைகளில் போட்டுப் பார்த்துவிட்டு அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்கின்றன. எல்லா முறைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது சராசரி எடுப்பதால் பிழை குறையாது.

ஏன் சாய்ந்தன? இந்தச் சூத்திரங்களுக்கு நிலம் தெரியாது. சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல் நிறைந்த நகரத்தில் இடமும் இல்லை, வாடகையும் கட்டுப்படி ஆகவில்லை. அதே பத்தாண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதமும் திருவள்ளூர் 35 சதவீதமும் வளர்ந்தன. இரண்டு மாவட்டங்களிலும் சேர்ந்து கூடியது 21 லட்சம் பேர். பெருநகர் முழுவதற்கும் 2011-ல் இருக்கும் என்று இரண்டாம் முழுமைத் திட்டம் சொன்ன 88.7 லட்சத்தைப் பாருங்கள். எல்லை சற்று வேறுபட்டாலும், கணக்கெடுப்பின் சென்னை நகர்த்தொகுப்பு (நகரமும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும்) 86.5 லட்சம். மொத்தம் பெரிதாகத் தவறவில்லை. எந்த இடத்தில் என்பதுதான் தவறியது. மக்கள் ஊருக்கு வந்தார்கள், ஆனால் நாம் எதிர்பார்த்த தெருவுக்கு வரவில்லை.

இதிலிருந்து இரண்டு பழக்கங்களை வைத்துக்கொள்ளலாம். பரப்பு சிறிதாக ஆகப் பிழை பெருகும்; மாநிலக் கணிப்பை நம்பும் அளவுக்கு வார்டுக் கணிப்பை நம்பக் கூடாது. காலம் நீள நீளவும் அப்படியே. 30 ஆண்டுக்கான எண்ணை ஒற்றை இலக்கம் வரை எழுதியிருந்தால், உதாரணமாக 1,83,467 என்று இருந்தால், அந்தத் துல்லியம் பொய்யானது. 1.5 முதல் 2.1 லட்சம் வரை என்று எழுதியிருந்தால் எழுதியவர் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

படி 4: பிறப்பா, இறப்பா, வருகையா?

நல்ல கணிப்பு மக்கள்தொகையை வயதுக்குழுவாகப் பிரித்து, பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி மூன்றையும் தனித்தனியே நகர்த்தும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 2020-ன் மாதிரிப் பதிவு ஆய்வுப்படி 1.4. மக்கள்தொகை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளத் தேவைப்படுவது 2.1. ஆக, இனிமேல் ஒரு நகரம் வேகமாக வளரும் என்று யாராவது சொன்னால், வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்றுதான் அதற்குப் பொருள். யார், எங்கிருந்து, எந்த வேலைக்கு என்று அறிக்கை சொல்ல வேண்டும். "கடந்த கால வளர்ச்சியின் அடிப்படையில்" என்ற ஒரு வரி போதாது.

வளர்ச்சி எப்போதும் மேல்நோக்கித்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2001-க்கும் 2011-க்கும் இடையே நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7.62 லட்சத்திலிருந்து 7.35 லட்சமாகக் குறைந்தது. குறைவதற்கும் திட்டம் வேண்டும். பள்ளிகளை இணைப்பதா, பேருந்தைக் குறைப்பதா, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு யார் வருவார்கள் என்பதெல்லாம் திட்டமிடலே.

வயதுக் கணக்கை எல்லோரும் சட்டென்று கடந்துபோகிறார்கள். 2011-ல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். 2036-ல் ஐந்தில் ஒருவராக இருப்பார்கள் என்கிறது தொழில்நுட்பக் குழுவின் பிந்தைய கணிப்பு. மொத்த எண் ஒன்றாகவே இருந்தாலும் ஊரின் தேவை தலைகீழாக மாறும்.

படி 5: வேலைவாய்ப்புக் கணிப்பு

மக்கள்தொகையைவிட இது இன்னும் வழுக்கலானது. முதலில் கேட்க வேண்டியது: எண்ணியது வேலை செய்பவர்களையா, வேலைகளையா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வசிக்கும் ஊரில் எண்ணுகிறது. பொருளாதாரக் கணக்கெடுப்பு வேலையை நிறுவனம் இருக்கும் ஊரில் எண்ணுகிறது. அதன் ஆறாவது சுற்று 2013-ல் நடந்தது. காஞ்சிபுரத்திலும் அரக்கோணத்திலும் இருந்து கம்பெனிப் பேருந்தில் ஸ்ரீபெரும்புதூர் போகிறவரை இந்த இரண்டு கணக்குகளும் இரண்டு ஊர்களில் வைக்கும். இரண்டையும் கலந்து ஒரே அட்டவணையில் போட்டால் விடை தவறும். வருங்கால வைப்புநிதிப் பதிவுகளை எடுத்தால் முறைசாரா வேலைகள் விடுபடும். காலமுறைத் தொழிலாளர் ஆய்வு 2017-லிருந்து வருகிறது. அது மாதிரி ஆய்வு என்பதால் சிறிய ஊர்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது.

அப்புறம், வாக்குறுதியையும் கணிப்பையும் பிரியுங்கள். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தங்கள் ஆயின. நேரடி வேலையும் மறைமுக வேலையும் சேர்த்து 26 லட்சத்துக்கும் மேல் என்றார்கள். அவை நிறுவனங்களின் உறுதிமொழிகள். எந்த ஆண்டில், எந்தத் தாலுகாவில், எத்தனை பங்கு நிறைவேறும் என்று கணக்கிட்ட பிறகுதான் அவற்றைத் திட்டத்தில் சேர்க்க முடியும். உங்கள் பகுதியில் முன்பு ஒதுக்கிய சிப்காட் (அரசின் தொழிற்பூங்கா) நிலத்தில் பத்தாண்டு கழித்து எத்தனை மனைகளில் உற்பத்தி நடக்கிறது என்று நேரில் போய் எண்ணுங்கள். அந்த விகிதத்தைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

ஒற்றை நிறுவனத்தை நம்பியிருக்கும் கணிப்பையும் சந்தேகியுங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. ஒரு முழுமைத் திட்டத்தின் ஆயுள் இருபது ஆண்டு. நோக்கியா ஆலையின் ஆயுள் எட்டு ஆண்டு.

ஒரு தொழிலின் வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு ஊரில் பின்னலாடை வேலைகள் பத்தாண்டில் 40,000-லிருந்து 52,000 ஆயின, அதாவது 30 சதவீதம். அதே காலத்தில் மாநிலத்தின் எல்லா வேலைகளும் சேர்ந்து 15 சதவீதம் வளர்ந்தன. மாநிலம் முழுவதும் பின்னலாடை 25 சதவீதம் வளர்ந்தது. அப்படியானால் 30-ல் 15 பொது அலை. அடுத்த 10 தொழிலின் அலை. மீதி 5 மட்டுமே அந்த ஊரின் சொந்த வலிமை. அந்தத் தொழில் தள்ளாடினால் என்ன ஆகும் என்று இப்போது கேட்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூர் பதறியதற்குக் காரணம் இதுதான். முப்பது சதவீதமும் தங்கள் ஊரின் சாமர்த்தியம் என்று எழுதும் அறிக்கை அடுத்த இருபது ஆண்டுக்கும் அதையே நீட்டிவிடும்.

பிறகு வேலையிலிருந்து மக்கள்தொகைக்குத் தாவும் இடம். ஒரு வேலைக்கு நான்கு பேர் குடும்பம் என்று பெருக்குவது பழைய வழக்கம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். நான்கால் பெருக்கினால் 75,000 பேர் வரும். அங்கே தங்கப்போவது 18,720 பேர்தான். அவர்களுக்கு இன்றைக்குத் தொடக்கப்பள்ளி தேவையில்லை. தண்ணீர், இரவுப் பேருந்து, தெருவிளக்கு, மகளிர் மருத்துவர் தேவை. சில ஆண்டுகளில் திருமணமாகி அதே ஊரில் குடியேறுவார்களா, சொந்த ஊர் திரும்புவார்களா என்ற கேள்விக்கு எந்தப் பெருக்கல் எண்ணும் பதில் சொல்லாது. போய்க் கேட்டால்தான் தெரியும்.

படி 6: கூட்டினால் ஒத்துவருகிறதா?

முதல் ஒப்பீடு, மக்களும் வேலையும். 2011-ல் தமிழ்நாட்டில் 100 பேரில் சுமார் 45 பேர் வேலை செய்பவர்கள். 2 லட்சம் பேர் கொண்ட ஊரில் 90,000 தொழிலாளர்கள் இருப்பார்கள். அறிக்கை அங்கே 1.4 லட்சம் வேலைகள் என்றால், தினமும் குறைந்தது 50,000 பேர் வெளியிலிருந்து வர வேண்டும். அவர்களுக்கான ரயிலும் சாலையும் அதே அறிக்கையின் போக்குவரத்து அத்தியாயத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அந்த அத்தியாயத்தை வேறொருவர் வேறு எண்ணை வைத்து எழுதியிருப்பார்.

இரண்டாவது, ஊரும் மாவட்டமும். பக்கத்து நகரங்களின் கணிப்புகளையும் சேகரித்துக் கூட்டுங்கள். மாநிலமே மெதுவாக வளரும்போது ஒவ்வொரு ஊரும் 30 சதவீதம் வளர முடியாது. ஓர் ஊர் பெறுவது இன்னோர் ஊர் இழப்பது, அல்லது வெளிமாநிலத்திலிருந்து வருவது. கூட்டுத்தொகை மாவட்டக் கணிப்பைத் தாண்டினால் யாரோ ஒருவர் மிகைப்படுத்துகிறார் என்பது உறுதி. பெரிய எண் காட்டினால் பெரிய நிதி கிடைக்கும் என்ற எண்ணம் பல இடங்களில் இருக்கிறது. அந்தக் குழாயைப் பராமரிக்கும் செலவு பிறகு அந்த ஊர் மக்கள் மேல்தான் விழுகிறது.

படி 7: ஆள் எண்ணிக்கையிலிருந்து வீட்டுக்கு

2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. குடும்பங்களின் எண்ணிக்கை 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாக, 30 சதவீதம் கூடியது. கூட்டுக்குடும்பம் பிரிகிறது, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போகிறார்கள், முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். மக்கள்தொகை அசையாத ஊரிலும் வீடு, மின் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு, நிறுத்த இடம் தேடும் வண்டிகள் எல்லாம் கூடிக்கொண்டே போகும். வீட்டுத் தேவையை மக்கள்தொகை வளர்ச்சி விகிதத்திலேயே போட்டிருக்கும் அறிக்கை பாதித் தேவையைத் தவறவிடும். தண்ணீருக்கு ஆள் கணக்கு, இணைப்புக்கு வீட்டுக் கணக்கு என்று பிரித்துக் கேளுங்கள்.

படி 8: ஒற்றை எண்ணுக்குப் பதில் வரம்பு, ஆண்டுக்குப் பதில் அடையாளம்

குறைந்த, நடுத்தர, அதிகக் கணிப்பு என்று மூன்று கேட்டு வாங்குங்கள். மூன்றுக்கும் இடையே அனுமானம் மாற வேண்டும். நடுத்தர எண்ணில் பத்து சதவீதம் கூட்டியும் குறைத்தும் போட்டிருந்தால் அது மூன்று கணிப்பு அல்ல. "சிப்காட் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும்", "மெட்ரோ ஐந்து ஆண்டு தாமதமாகும்" என்று சொல்லிப் பிரித்திருக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எந்த எண் என்பதும் முக்கியம். பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு அதிகக் கணிப்பு: நீராதாரம், சாலைக்கான நில அகலம், மழைநீர் வாய்க்கால், ஏரிக்கரை. தலைக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டு நீராதாரத்தை உறுதிசெய்யும்போது தாராளமாக இருக்கலாம். பகுதி பகுதியாகக் கட்டக்கூடியவற்றுக்கு, அதாவது சுத்திகரிப்பு நிலையம், பள்ளிக் கட்டடம், பேருந்து போன்றவற்றுக்கு, குறைந்த கணிப்பில் தொடங்கி, தேவைப்படும்போது சேர்க்கலாம். அரைகுறையாக ஓடும் பெரிய கழிவுநீர் நிலையம் சரியாகச் சுத்திகரிக்காது. அதன் மின்கட்டணமும் குறையாது.

இரண்டாம் கட்டத்தை "2035-ல்" என்று எழுதாமல், "வீட்டு இணைப்புகள் 40,000-ஐத் தொட்டதும்" என்று எழுதச் சொல்லுங்கள். ஆண்டு தானாக வந்துவிடும். மக்கள் வந்தார்களா என்பதை இணைப்பு எண்ணிக்கைதான் சொல்லும். 2027 கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் கணிப்பைத் திரும்பப் போட வேண்டும் என்ற நிபந்தனையையும் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டம் 2027-லிருந்து 2046 வரைக்குமானது. புது எண்கள் கைக்கு வரும் நேரமும் அது தொடங்கும் நேரமும் ஒன்றாக அமைவதால், அங்கே இந்த நிபந்தனை மிகவும் தேவை.

ஆட்சேபணைக் கடிதம்

வரைவுத் திட்டத்தின் மீது கருத்துக் கேட்கும் காலத்தில் "கணிப்பு தவறு" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. பக்க எண், அட்டவணை எண் போட்டு, நீங்களே செய்த பின்னோக்கிய கணக்கை இணைத்து, மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எல்லைக்கு இந்த எண்? இடப்பெயர்ச்சிக்கு என்ன அனுமானம், எதை வைத்து? இதே முறை 2001-லிருந்து 2011-ஐச் சரியாகச் சொல்லியிருக்குமா? கணக்குப் போட்ட எக்செல் கோப்பையும் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். அச்சிட்ட தாள் வேண்டாம், சூத்திரங்களோடு கூடிய மின்னணுக் கோப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.